செத்ததுபோல் நடிக்கும் ஹாக்நோஸ் பாம்பு... 'ஹார்ட்' போடும் முன் இதைப் படிங்க!

இன்ஸ்டாவில் ஸ்க்ரோல் பண்ணும்போது இந்த ரீல் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ஒரு கை, சின்னப் பாம்பு ஒன்றை லேசாகத் தொடுகிறது. அது நாகப்பாம்பு மாதிரி கழுத்தை விரித்து 'புஸ்'ஸென்று சீறுகிறது. அடுத்த சில நொடிகளில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் பழைய சினிமா அப்பா மாதிரி துடிதுடித்து மல்லாந்து விழுகிறது. வாய் பிளந்து, நாக்கு தொங்கி, ஆடாமல் அசையாமல் கிடக்கிறது. பின்னணியில் சோகப் பாட்டு. கமென்ட் பகுதி முழுக்க, 'யாராவது இதுக்கு ஒரு ஆஸ்கர் கொடுங்கப்பா', 'செம க்யூட்... எனக்கும் ஒண்ணு வேணும்!'

அந்தப் பாம்பின் பெயர் ஹாக்நோஸ். தமிழில் சொன்னால், பன்றிமூக்குப் பாம்பு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கானோர் இதை வீட்டில் வளர்க்கிறார்கள். முட்டையிட வைத்து, விதவிதமான நிறங்களில் குட்டிகளை உருவாக்கி விற்கிறார்கள். பார்க்க ஜாலியாக இருக்கும் இந்தப் பொழுதுபோக்குக்குப் பின்னால் உயிரியல், மரபியல், சட்டம் என்று நிறைய விஷயம் இருக்கிறது. கூடவே, அந்த ரீலைப் பார்க்கும் நம் பார்வையை மாற்றக்கூடிய ஒரு விஷயமும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூக்குதான் மண்வெட்டி

முதலில் அந்த மூக்கு. ஹாக்நோஸின் மூக்கு நுனியில் இருக்கும் செதில், மேல்நோக்கி வளைந்து கூர்மையாக இருக்கும். முகத்தைப் பார்த்தால் ஏதோ கோபத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். அது அழகுக்காக இல்லை, மண்ணைத் தோண்டுவதற்காக. மணலுக்குள் புதைந்து உறங்கும் தேரைகளையும், பல்லி, ஆமை போன்றவை புதைத்து வைக்கும் முட்டைகளையும் இந்த மூக்கால் கிளறி எடுத்துச் சாப்பிடும்.

உண்மையான ஹாக்நோஸ் குடும்பத்தின் ஊர் வட அமெரிக்கா. வளர்ப்பவர்களிடம் அதிகம் இருப்பது மேற்கு ஹாக்நோஸ். கனடாவின் தெற்குப் பகுதியிலிருந்து அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகள் வழியாக மெக்சிகோவின் வடக்கு வரை இது வாழ்கிறது. சின்னப் பாம்புதான். ஆண் பெரும்பாலும் ஒன்றரை அடியைத் தாண்டாது. பெண் இரண்டிலிருந்து மூன்று அடி வரை, நல்ல உருட்டுக்கட்டையாக வளரும். வளர்ப்பில் 15 ஆண்டுகள்கூட உயிர் வாழும். இந்த 15 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கிழக்கு ஹாக்நோஸ், தென்கிழக்கு மாநிலங்களின் மணற்பாங்கான பைன் காடுகளில் தெற்கு ஹாக்நோஸ் என்று இரண்டு சொந்தக்காரர்களும் உண்டு. இவை தவிர தென் அமெரிக்காவிலும் மடகாஸ்கரிலும் 'ஹாக்நோஸ்' என்று அழைக்கப்படும் பாம்புகள் இருக்கின்றன. ஆனால், அவை இவற்றுக்கு நெருங்கிய உறவு கிடையாது. மண்ணைத் தோண்டுகிற ஒரே வேலையைச் செய்ததால் மூக்கும் ஒரே மாதிரி அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த நடிப்பு... உண்மையில் என்ன?

இப்போது ரீல் விஷயத்துக்கு வருவோம். ஹாக்நோஸின் 'பெர்ஃபாமன்ஸ்' ஒரே அடியாக மரணக் காட்சிக்குப் போகாது. படிப்படியாகத்தான் போகும்.

முதல் படி, மிரட்டல். கழுத்தைத் தட்டையாக விரித்து, காற்றை உள்ளே இழுத்துச் சத்தமாகச் சீறும். இதைப் பார்த்துப் பயந்துதான் அமெரிக்கக் கிராமங்களில் இதற்கு விரியன் என்று பொருள் வரும் பட்டப்பெயர்களை வைத்து, கண்ட இடத்தில் அடித்துக் கொன்றார்கள். தற்காப்புக்கான வேஷமே அதன் உயிருக்கு உலையாகிவிட்டது.

இரண்டாவது படி, பொய்க் கொத்தல். தலையை வேகமாக முன்னால் வீசும். ஆனால், பெரும்பாலும் வாய் மூடியே இருக்கும். முட்டுமே தவிரக் கடிக்காது.

எதுவும் பலிக்கவில்லையென்றால் மூன்றாவது படி. உடலை முறுக்கி, மலத்தையும் நாற்றமடிக்கும் திரவத்தையும் பீய்ச்சி, சில நேரம் சாப்பிட்டதையும் கக்கிவிட்டு, மல்லாந்து 'செத்துப்போகும்'. இதில் ஒரு காமெடி உண்டு. மல்லாந்து கிடப்பதை நீங்கள் எடுத்துக் குப்புறப் போட்டால், உடனே மறுபடி மல்லாந்து படுத்துக்கொள்ளும். 'செத்த பாம்பு மல்லாந்துதான் கிடக்கணும்' என்று அதற்கு ஒரு கொள்கை!

சிரிப்பு வருகிறது, இல்லையா? ஆனால், 1988-ல் வெளியான ஓர் ஆய்வைக் கேட்டால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் மாறும். கார்டன் பர்க்ஹார்ட், ஹாரி கிரீன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த கிழக்கு ஹாக்நோஸ் குட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குட்டி 'செத்து' விழுந்த பிறகு அது மறுபடி எழ எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கெடுத்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் சீக்கிரம் எழுந்தது. மனிதர் பக்கத்தில் இருந்தும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் கொஞ்சம் தாமதமானது. மனிதர் நேராக அதையே பார்த்துக்கொண்டிருந்தால், எழுவதற்கு மிக அதிக நேரம் ஆனது.

அதாவது, செத்துக்கிடக்கும் அந்தப் பாம்பு மயக்கத்தில் இல்லை. தன்னை யார் பார்க்கிறார்கள், இன்னும் பார்க்கிறார்களா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறது. பொரித்து வந்த சில நாள்களிலேயே, கண்கள் என்றால் ஆபத்து என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது 'செத்தே' கிடக்கும். இப்போது அந்த ரீலை யோசித்துப் பாருங்கள். பாம்புக்கு மேலே ஒரு மொபைல், அதற்குப் பின்னால் ஒரு முகம், இரண்டு கண்கள்!

அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். ஹாக்நோஸ் நம் கைக்கும் வாசனைக்கும் பழகிவிட்டால் மரணக் காட்சியெல்லாம் நின்றுவிடும். மேற்கு ஹாக்நோஸ் அந்த எல்லை வரை போவதே குறைவு. வீட்டில் நிம்மதியாக வளரும் பாம்பு நடிக்காது. அப்படியென்றால் வாரா வாரம் 'சாகும்' பாம்பு? அது திறமைசாலி இல்லை, இன்னும் பயந்துகொண்டிருக்கும் பாம்பு.

எல்லாம் தேரை செய்த வேலை

ஒரே குடும்பத்தில் மேற்கு ஹாக்நோஸ் மட்டும் ஏன் செல்லப்பிராணி உலகின் ஸ்டார் ஆனது? மற்றவை ஏன் 'அபூர்வம்' என்ற பட்டியலிலேயே நின்றுவிட்டன? பதில், தேரை.

தேரையைப் பெரும்பாலான மிருகங்கள் தொடாது. அதன் தோலில் இருக்கும் நஞ்சு, இதயச் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் உள்ளே வெளியே அனுப்பும் 'பம்ப்'பை முடக்கிவிடும். ஹாக்நோஸின் உடலில் அந்தப் பம்ப்பின் அமைப்பே கொஞ்சம் மாறியிருக்கிறது. அதனால் நஞ்சு ஒட்டுவதில்லை. அட்ரினல் சுரப்பியும் மற்ற பாம்புகளைவிடப் பெரிது. தேரை சாப்பிடுவதற்கென்றே செதுக்கிய உடம்பு!

கிழக்கு, தெற்கு ஹாக்நோஸ்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். தேரைதான் பிரதான சாப்பாடு. மேற்கு ஹாக்நோஸ் அப்படியில்லை. அதன் வறண்ட புல்வெளியில் தேரையும் சாப்பிடும், பல்லியும் சாப்பிடும், முட்டையும் சாப்பிடும், சுண்டெலியும் சாப்பிடும். சுண்டெலி சாப்பிடுகிறது என்ற அந்த ஒரே காரணம்தான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது. ஏனென்றால், உறைய வைத்த சுண்டெலி வெளிநாடுகளில் கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. தேரை கிடைக்காது.

'அபூர்வம்' என்று விற்கப்படுபவை

இனி அந்த அபூர்வப் பட்டியலுக்கு வருவோம். மேற்கு ஹாக்நோஸ் வளர்த்து அலுத்தவர்கள் அடுத்துத் தேடுவது இவற்றைத்தான்.

கிழக்கு ஹாக்நோஸ்: மரணக் காட்சியில் முதல் மார்க் இதற்குத்தான். ஆனால், குட்டிகளில் பல சுண்டெலியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வளர்ப்பவர்கள் தேரையை உறைய வைத்து, அதைச் சுண்டெலி மேல் தேய்த்து, வாசனையைக் காட்டி ஏமாற்றிச் சாப்பிட வைப்பார்கள். சில குட்டிகள் ஏமாறும். சில, பட்டினி கிடந்து செத்தே போகும். அது நடிப்பல்ல.

தெற்கு ஹாக்நோஸ்: குடும்பத்தில் மிகச் சின்னது. உலக அளவில் 'ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனம்' என்று பட்டியலிடப்பட்டிருக்கிறது. பைன் காடுகள் அழிந்தது ஒரு பெரிய காரணம். வெளியிலிருந்து வந்து பரவிய நெருப்பெறும்புகள்மீதும் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. மிசிசிப்பி மாநிலத்தில் பல பத்தாண்டுகளாக இதைக் கண்டதாக உறுதியான பதிவே இல்லை.

மூவண்ண ஹாக்நோஸ்: தென் அமெரிக்காவின் பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா பகுதிகளின் வறண்ட காட்டுக்காரர். சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று வளையம் வளையமாக, கொடிய விஷமுள்ள பவளப்பாம்பு வேஷம் போட்டிருக்கும். இரண்டடிக்குள் அடங்கும். வளர்ப்பில் பிறந்த குட்டிகள் சுண்டெலிக்குப் பழகுவதால், அபூர்வப் பட்டியலில் ஓரளவு எளிதானது இதுதான்.

மடகாஸ்கர் ராட்சத ஹாக்நோஸ்: உள்ளூர்ப் பெயர் மேனாரானா. ஐந்தடி வரை வளரும். பகலில் சுறுசுறுப்பாகச் சுற்றி, பல்லிகள் புதைத்து வைத்த முட்டைகளைத் தோண்டித் தின்பதில் கில்லாடி. இதற்குப் பெரிய இடம் வேண்டும். சந்தைக்கு வந்தவற்றில் நிறைய, காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை. அப்படி வருகிற பாம்பு உடம்புக்குள் ஒட்டுண்ணிகளோடும், நீண்ட பயணத்தின் நீர்வறட்சியோடும்தான் வந்து சேரும்.

இதில் ஒரு விஷயம் புரிகிறதா? சந்தையில் ஒரு பாம்பு 'ரேர்' என்றால், பெரும்பாலும் இரண்டே காரணம்தான். ஒன்று, அது நம் வீட்டுச் சாப்பாட்டுக்கும் வாழ்க்கைக்கும் ஒத்துவரவில்லை. இல்லையென்றால், காட்டிலேயே அது குறைந்துகொண்டிருக்கிறது. இரண்டுமே 'வாங்கிடலாமே' என்று சொல்வதற்கான காரணங்கள் இல்லை.

அதனால்தான் அமெரிக்காவிலேயே சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஜார்ஜியா மாநிலத்தில், உள்ளூர் இனமான விஷமற்ற பாம்புகளை வீட்டில் வளர்க்கவே கூடாது. கிழக்கு, தெற்கு ஹாக்நோஸ்களும் அதில் அடக்கம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மேற்கு ஹாக்நோஸ்கூட அயோவா மாநிலக் காட்டில் 'அழியும் நிலையில்' என்ற பட்டியலில் இருக்கிறது. டப்பாக்களில் பெருகிக்கொண்டே போகும் ஒரு பாம்பு, அதன் சொந்தப் புல்வெளியில் ஒதுங்கிக்கொண்டே போகிறது.

வளர்ப்பது என்றால் என்னென்ன?

சட்டம் அனுமதிக்கிற ஒரு நாட்டில் ஒருவர் மேற்கு ஹாக்நோஸ் ஒன்றை ஒழுங்காக வளர்க்க வேண்டுமென்றால் என்ன செய்வார்?

வீடு: வளர்ந்த பெண் பாம்புக்குக் குறைந்தது மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலக் கூண்டு. நன்றாகப் பூட்டும் மூடி. அடியில் மரச்சீவலோ மண் கலவையோ மூன்று, நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் போட வேண்டும். தோண்டுவதற்கென்றே மூக்கு வைத்திருக்கும் ஒரு ஜீவனை வெறும் பேப்பர் விரிப்பில் விடுவது, நீச்சல்காரரைப் பக்கெட்டில் இறக்குவது மாதிரி.

வெப்பம்: பாம்பு தன் உடல்சூட்டைத் தானே உண்டாக்காது. அதனால் கூண்டின் ஒரு முனை 32, 33 டிகிரி செல்சியஸ், மறுமுனை 23, 24 டிகிரி என்று இருக்க வேண்டும். எது வேண்டுமோ அங்கே அது நகர்ந்துகொள்ளும். சூட்டைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாத ஹீட்டர் பாம்பைச் சுட்டுவிடும்.

சாப்பாடு: குட்டிக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, முடி முளைக்காத எலிக்குஞ்சு. பெரியதுக்கு வாரம் ஒரு சுண்டெலி. உயிரோடு போடக் கூடாது. எலி திருப்பிக் கடித்தால் பாம்புக்குத்தான் காயம். உறைந்ததை வெந்நீரில் இளக்கிக் கொடுப்பார்கள்.

பொறுமை: இதுதான் முக்கியம். ஹாக்நோஸ் உண்ணாவிரதத்துக்குப் பேர்போனது. குளிர்காலத்தில், இனப்பெருக்கக் காலத்தில், சில நேரம் காரணமே இல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிடாது. எடை குறையாமல் இருந்தால் காத்திருக்கலாம், குறைந்தால் டாக்டர். பாம்பு பார்க்கத் தெரிந்த டாக்டர் எல்லா ஊரிலும் கிடைப்பாரா என்பது அடுத்த கேள்வி.

'கடிக்காது' என்பது பாதி உண்மை

'ஹாக்நோஸ் கடிக்கவே கடிக்காது, விஷமே இல்லை' என்று வீடியோக்களில் சொல்வார்கள். பாதிதான் சரி. இதன் மேல்தாடையின் பின்பக்கம் இரண்டு பெரிய பற்களும், அவற்றுக்கு மிதமான நஞ்சை அனுப்பும் சுரப்பியும் உண்டு. தற்காப்புக்காக அது கடிப்பது அரிது. ஆனால், சுண்டெலியைத் தொட்ட கையைக் கழுவாமல் நீட்டினால், கையைச் சாப்பாடு என்று நினைத்துக் கவ்வி, மெல்ல ஆரம்பித்துவிடும். சில நிமிடம் விடாமல் மென்றால் கை வீங்கும், கொப்புளம்கூட வரலாம். கடிபட்ட ஒருவருக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்ததாக 2019-ல் ஒரு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இதற்கென்று தனி விஷமுறிவு மருந்து கிடையாது. இந்தக் கடியால் யாரும் இறந்ததாகப் பதிவில்லை என்பதும் உண்மைதான். ஆனால், 'ஒண்ணும் ஆகாது' என்பது வேறு, 'யாரும் சாகவில்லை' என்பது வேறு.

இங்கே நமக்கென்று ஓர் எச்சரிக்கை. ரீலில் பார்த்ததை நம்பி, நம்மூரில் கழுத்தை விரிக்கும் பாம்பின் அருகில் போய்விடாதீர்கள். இங்கே கழுத்தை விரிப்பது நல்ல பாம்பாக இருக்கும். அதற்கு நடிக்கத் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய குழிவிரியன் ஒன்றும் உண்டு. அது முழு விஷப்பாம்பு.

முட்டையிலிருந்து குட்டி வரை

இப்போது இனப்பெருக்கம். இதை 'இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் முடிந்தது' என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். உண்மையில் இது ஏறக்குறைய ஓர் ஆண்டு வேலை.

ஆண் பாம்பு ஓர் ஆண்டுக்குள்ளேயே தயாராகிவிடும். பெண்ணுக்கு இரண்டு, மூன்று வயதாவது ஆக வேண்டும். எடை 250 கிராமைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது பல வளர்ப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. சின்ன உடம்பில் முட்டை உருவானால், வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தாய் இறந்துபோகும் அபாயம் இதில்தான் அதிகம்.

குளிர்காலம் தொடங்கும்போது சாப்பாட்டை நிறுத்தி, வயிறு காலியானதும் வெப்பத்தைப் படிப்படியாக 10 முதல் 15 டிகிரி வரை குறைப்பார்கள். இரண்டு, மூன்று மாதம் அது குளிர் உறக்கத்தில் இருக்கும். வயிற்றில் இரை இருக்கும்போதே குளிரில் விட்டால், அது செரிக்காமல் உள்ளேயே அழுகிவிடும். வசந்தத்தில் மறுபடி சூடாக்கி, நன்றாகச் சாப்பாடு கொடுத்து, பெண் சட்டை உரித்த பிறகு ஆணோடு சேர்ப்பார்கள்.

கர்ப்பமான பெண், முட்டையிடுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் இன்னொரு முறை சட்டை உரிக்கும். ஈரப் பாசி நிரப்பிய ஒரு பெட்டியை வைத்தால் அதற்குள் போய் முட்டையிடும். நான்கு முட்டையும் இருக்கலாம், இருபதுக்கு மேலும் இருக்கலாம். அவற்றை எடுத்து, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி இன்குபேட்டரில் வைக்க வேண்டும். கோழி முட்டையைப் போலத் திருப்பினால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். 27, 28 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, முட்டை ஓட்டைக் கிழித்துக்கொண்டு பென்சில் நீளத்தில் குட்டிகள் எட்டிப் பார்க்கும். அந்த வயதிலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு சீறவும் செய்யும்!

இவ்வளவும் முடிந்த பிறகு தாயைப் பார்த்தால், எலும்பும் தோலுமாக இருக்கும். நன்றாகச் சாப்பிட வைத்தால் அதே ஆண்டில் இரண்டாவது முறையும் முட்டையிட முடியும். 'முடியும்' என்பதற்காகச் செய்ய வைப்பவர் யார், ஓர் ஆண்டு ஓய்வு கொடுப்பவர் யார் என்பதில்தான் ஒரு வளர்ப்பாளரின் குணம் தெரியும்.

நிறத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு

எதற்காக இவ்வளவு மெனக்கெடல்? பெரும்பாலும் நிறத்துக்காக. மார்ஃப் என்பார்கள். கறுப்பு நிறமியே இல்லாத ஆல்பினோ, புள்ளிகள் குறைந்த 'அனகோண்டா', புள்ளியே இல்லாத 'சூப்பர்கோண்டா', இளம் ஊதா சாயலில் 'லாவெண்டர்' என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உண்மையான அனகோண்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பள்ளியில் படித்த மெண்டல் பட்டாணிதான் இங்கே பாம்பாக வந்திருக்கிறது. ஆல்பினோ ஓர் ஒடுங்கு பண்பு. வெளியே சாதாரண நிறத்தில் இருந்தாலும் உள்ளே அந்த ஜீனைச் சுமக்கும் இரண்டு பாம்புகளைச் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டிதான் ஆல்பினோ. 12 முட்டை என்றால் மூன்று. மீதி ஒன்பதும் பார்க்கச் சாதாரணம். அவற்றில் எவை ஜீனைச் சுமக்கின்றன என்று கண்ணால் சொல்ல முடியாது. மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால் சந்தையில் அவற்றை '66 சதவீத ஹெட்' என்று சீட்டு ஒட்டி விற்பார்கள்.

மூன்று ஆல்பினோவுக்கும் போட்டி போட்டுக்கொண்டு ஆள் வரும். மீதி ஒன்பது? ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, தனி ஹீட்டர், நான்கைந்து நாளுக்கு ஒரு சாப்பாடு. சில குட்டிகள் முதல் மாதமே உண்ணாவிரதம் தொடங்கும். டூனா மீன் தண்ணீரில் எலிக்குஞ்சை முக்கிக் கெஞ்ச வேண்டும். ஒவ்வொன்றும் 15 ஆண்டு வாழக்கூடியது. முன்னால் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன எண் இதற்காகத்தான். பொரிக்க வைப்பது இரண்டு மாத வேலை. பொரித்ததற்குப் பொறுப்பேற்பது இன்று பத்தாவது படிக்கும் ஒருவர் முப்பது வயதைத் தொடும்வரை நீளும் வேலை.

ஆனாலும், இந்தப் பொழுதுபோக்கை ஒரேயடியாக வில்லனாக்கவும் முடியாது. மேற்கு ஹாக்நோஸ் விஷயத்தில் வளர்ப்பில் பிறந்த குட்டிகள் தாராளமாகக் கிடைப்பதால், காட்டிலிருந்து பிடிக்க வேண்டிய தேவை குறைகிறது. முட்டையை எப்படிப் பொரிக்க வைப்பது, சாப்பிடாத குட்டியை எப்படிக் காப்பாற்றுவது என்ற அறிவில் ஒரு பகுதி, வீட்டு அறைகளில் பொறுமையாக நோட்டுப் போட்டுக் குறித்து வைத்தவர்களிடமிருந்தும் வந்ததுதான். ஒரே பாம்பு, ஒரே டப்பா. அதைத் திறக்கும் கை மட்டும் வேறு.

'எனக்கும் ஒண்ணு வேணும்' என்றால்?

இந்தியாவில் இருந்துகொண்டு அந்தக் கமென்ட்டைப் போடுகிறவர்களுக்குச் சில வரிகள். நம் நாட்டுப் பாம்புகள் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சாரையோ மண்ணுளியோ, பிடித்து வீட்டில் வைப்பது குற்றம். வெளிநாட்டு உயிரினங்கள் விஷயத்திலும் கிடுக்கிப்பிடி இறுகிவிட்டது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தமும், 2024-ல் வந்த விதிகளும், சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. எந்த உயிரினமானாலும் உரிமம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் அது கடத்தல்தான்.

அந்தக் கடத்தல் எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னை விமான நிலையமே சாட்சி. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளைச் சுங்கத்துறை திறந்தபோது, உள்ளே பிளாஸ்டிக் டப்பாக்களில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. இதுபோலப் பல சம்பவங்கள் அதற்கு முன்னும் பின்னும் செய்தியாகியிருக்கின்றன. ஒரு டப்பாவுக்குள், வெளிச்சமில்லாமல், விமானத்தின் சரக்கு அறைக் குளிரில் வருகிற ஹாக்நோஸை நினைத்துப் பாருங்கள். அங்கே அது மல்லாந்து கிடந்தால் அது நடிப்பா, நிஜமா என்று பார்க்கக்கூட யாரும் இருக்க மாட்டார்கள்.

பாம்பு பிடிக்கும் என்றால் வழி இல்லாமல் இல்லை. கிண்டியில் இருக்கும் பாம்புப் பண்ணைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். உங்கள் வயல்பக்கம், தெருப்பக்கம் வரும் பாம்புகளில் எது சாரை, எது நீர்க்கோலி, எது கண்ணாடி விரியன் என்று அடையாளம் கண்டுகொள்ளப் பழகுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் அடிக்காமல் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் பண்ணுங்கள். உங்களால் ஒரு பாம்பு உயிர் பிழைக்கும், உங்கள் வீட்டிலும் யாருக்கும் ஆபத்தில்லை.

ரீல்ஸ் பார்க்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எதற்கு 'ஹார்ட்' போடுகிறோம் என்று மட்டும் பார்த்துப் போடலாம். மணலுக்குள் மூக்கை விட்டுக் கிளறிக்கொண்டிருக்கும் ஹாக்நோஸ், சுண்டெலியைத் தானாக வந்து வாங்கிக்கொள்ளும் ஹாக்நோஸ், சட்டை உரித்துவிட்டுப் பளபளவென்று நகரும் ஹாக்நோஸ்... இப்படியான வீடியோக்களும் இருக்கின்றன. வியூஸ் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவற்றில் 'டிராமா' இல்லை. பாம்பைப் பயமுறுத்தாமல் எடுத்த வீடியோ அப்படித்தான் இருக்கும்.